30 லேப் மெஷினுக்கு டெபியன் 13: நெட்வொர்க் வழியா இன்ஸ்டால், அப்புறம் ஆன்சிபிள்

#1 கொழிஞ்சாம்பாறை_லேப்

வணக்கங்க. இங்க ஒரு பயிற்சி லேபுக்கு டெபியன் 13 (ட்ரிக்ஸி) போடணும். மொத்தம் 30 டெஸ்க்டாப். அதுல 14 பழசு: 4 ஜிபி ராம், பயாஸ் மட்டும், 500 ஜிபி ஹார்டுடிஸ்க். 16 புதுசு: 8 ஜிபி ராம், யூஇஎஃப்ஐ, 256 ஜிபி என்விஎம்இ. சர்வர்னு ரெண்டு டவர், தலா 16 ஜிபி ராம். 24 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்னு, பழைய 16 போர்ட் 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் ஒன்னு. நெட் லைன் 40 எம்பிபிஎஸ். ரூட்டர் கட்டிட ஓனரோடது, அதுல நாம கை வைக்க முடியாது.

பசங்க பாதிப் பேரு தமிழ் மீடியம், பாதிப் பேரு மலையாளம் மீடியம். ரெண்டு கீபோர்டும் எல்லா மெஷின்லயும் வேணும்.

ஒரு மெஷின் ரெடி பண்ணி க்ளோன் எடுத்துப் போட்டாப் போதுமா, இல்ல மாஸ், ஃபோர்மேன் மாதிரி மெஷின்ல தானா ஓஎஸ் போடற பெரிய டூல் வேணுமா? அந்த ரெண்டு சர்வர்ல கே3எஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கற சின்ன குபெர்னெடிஸ்) போடலாமான்னும் ஒரு யோசனை இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 குமுளி_டெபியன்

க்ளோன் வேண்டாம் தம்பி. க்ளோன்ஸில்லா நல்ல டூல்தான். ஆனால் உங்களிடம் இருப்பது இரண்டு ஜாதி மெஷின். ஒன்று பயாஸும் ஹார்டுடிஸ்கும், மற்றது யூஇஎஃப்ஐயும் என்விஎம்இயும். இரண்டு இமேஜ் எடுக்க வேண்டும், அப்டேட் வரும்போதெல்லாம் இரண்டையும் புதுப்பிக்க வேண்டும். ஆறு மாதத்தில் எந்த இமேஜில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் போகும்.

அதோடு எட்ஸி டைரக்டரியில் உள்ள மெஷின்-ஐடி கோப்பு எல்லா மெஷினிலும் ஒன்றாகவே போய்விடும். சிஸ்டம்டி-நெட்வொர்க்டி அந்த ஐடியை வைத்துத்தான் டிஎச்சிபி (மெஷினுக்கு ஐபி கொடுக்கும் முறை) அடையாளத்தை உருவாக்குகிறது. பத்து மெஷின் ஒரே அடையாளத்தோடு கேட்டால், மேக் அட்ரஸ் வேறு வேறாக இருந்தாலும் டிஎச்சிபி சர்வர் ஒரே ஐபியைக் கொடுக்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீயும் ஒன்றாகிவிடும். க்ளோன் எடுத்தே ஆக வேண்டும் என்றால், இமேஜ் எடுக்கும் முன் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்குங்கள் (அழிக்க வேண்டாம், கோப்பு இருக்க வேண்டும், உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது). ஹோஸ்ட் கீகளை அழித்து, முதல் பூட்டில் புதிதாக உருவாக ஏற்பாடு செய்யுங்கள்.

மாஸ், ஃபோர்மேன் இரண்டும் சர்வர் ரேக்குக்கு. மெஷினைத் தானே ஆன் செய்து, ஆஃப் செய்து, திரும்ப இன்ஸ்டால் செய்வதுதான் அவற்றின் பலம். அதற்கு மெஷினில் பிஎம்சி (தூரத்திலிருந்து மெஷினை இயக்கும் தனிச் சிப்) வேண்டும், அதோடு பேச ஐபிஎம்ஐ வேண்டும். டெஸ்க்டாப்பில் அது கிடையாது. 30 மெஷினுக்கு டிஎன்எஸ்மாஸ்க் (ஐபியும் பூட் விவரமும் கொடுக்கும்), ஐபிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழியே பூட் செய்யும்), ப்ரீசீட் (இன்ஸ்டாலர் கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுதிய பதில் கோப்பு), ஆன்சிபிள் (எல்லா மெஷினையும் எஸ்எஸ்எச் வழியே ஒரே மாதிரி அமைக்கும்) என்ற நான்கே போதும்.

வேலையைப் பிரிக்கும் கோடு முக்கியம். டிஸ்க் பிரிப்பது, அடிப்படை சிஸ்டம், ஒரு அட்மின் யூசர், அவனுடைய எஸ்எஸ்எச் கீ, பைத்தான்3. இவ்வளவுதான் ப்ரீசீட். மற்ற எல்லாமே ஆன்சிபிளில். ப்ரீசீட்டின் கடைசிக் கட்டளையில் நாற்பது வரி ஷெல் எழுதிவைத்தால், ஒரு வரி மாற்ற மெஷினையே திரும்ப இன்ஸ்டால் செய்ய வேண்டி வரும்.

எந்த மெஷினையும் யாரிடமும் கேட்காமல் அழித்து, அரை மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவர முடிய வேண்டும். அதுதான் இலக்கு. அதற்கு மாணவர் கோப்பு எதுவும் மெஷினில் இருக்கக் கூடாது. ஹோம் டைரக்டரியை இரண்டாவது சர்வரில் வைத்து என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க் வழியே கோப்பைப் பகிரும் முறை) கொடுங்கள். ஹோம் மெஷினிலேயே இருந்தால் ஒவ்வொரு ரீஇன்ஸ்டாலுக்கும் பேக்கப், பெர்மிஷன், சண்டை. பிறகு ஒருவரும் ரீஇன்ஸ்டால் செய்ய மாட்டார்கள், பழுது பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

#3 வேலந்தாவளம்_நெட்

குமுளி அண்ணன் சொன்னதுக்கு முன்னாடி நெட்வொர்க்கைப் பாக்கலாமுங்க. ரூட்டர்ல கை வைக்க முடியாதுன்னா ரெண்டு வழி.

ஒன்னு, டிஎன்எஸ்மாஸ்க்கை ப்ராக்ஸி முறைல ஓட விடறது. ஐபி கொடுக்கறது பழைய ரூட்டரே, பூட் விவரம் மட்டும் நம்ம சர்வர். ரேஞ்ச் வரில நெட்வொர்க் நம்பருக்குப் பின்னாடி 'ப்ராக்ஸி'ன்னு எழுதணும். யூடிபி 67, 69, 4011 மூணும் ஃபயர்வால்ல திறந்திருக்கணும். 4011-ஐ மறந்துடறாங்க நிறையப் பேரு.

ரெண்டாவது, லேபுக்குன்னு தனி சப்நெட். சர்வர்ல இன்னொரு கிகாபிட் கார்டு போட்டு, ஒரு கால் ரூட்டர் பக்கம், ஒரு கால் லேப் பக்கம். ஐபி ஃபார்வர்டிங்கை ஆன் பண்ணி, என்எஃப்டேபிள்ஸ்ல (லினக்ஸ் ஃபயர்வால்) மாஸ்கரேட் ஒரு வரி, லேப் மெஷின் எல்லாம் சர்வரோட ஐபிலயே வெளிய போகும். லேப் முழுக்க 192.168.10.0/24, சர்வர் 192.168.10.2.

நான் ரெண்டாவதையே சொல்லுவேன். ப்ராக்ஸி முறை சில யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர்ல சரியா நடக்கறதில்ல, எந்த மாடல்ல நடக்கும்னு முன்னாடியே சொல்ல முடியறதும் இல்ல. தனி சப்நெட்டுல டிஎச்சிபி முழுக்க நம்ம கைல. முக்கியமா, நம்ம இன்ஸ்டாலர் பக்கத்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போகாது. அவங்க மெஷின் ஒன்னு நெட்வொர்க் பூட்ல எந்திரிச்சு, நம்ம சர்வர் அதோட டிஸ்கை அழிச்சா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க.

ஸ்விட்ச் கணக்கு: 16 புதுசு, ரெண்டு சர்வர், இன்னொரு ஸ்விட்சுக்கு ஒரு வயர். 24-ல 19 போச்சு, மீதி 5. பழசுல 5-ஐ கிகாபிட் ஸ்விட்சுக்கே கொண்டுவந்துடுங்க. மிச்சம் 9 மட்டும் 100 எம்பிபிஎஸ்ல. ஒரு மெஷினுக்கு 2 ஜிபி பேக்கேஜ்னு வெச்சா 9 மெஷினுக்கு 18 ஜிபி. அது 100 எம்பிபிஎஸ் வயர்ல ஒழுங்காப் போனாலே 24 நிமிஷம். கிகாபிட் பக்கம் வயர் தடையா இருக்காது, டிஸ்குதான் தடையா இருக்கும்.

மேனேஜ்டு ஸ்விட்ச்னா ஒன்னு கவனிங்க. ஸ்பானிங் ட்ரீ (வயர் வளையமாகாமப் பாத்துக்கறது) ஆன்ல இருந்தா, போர்ட் எந்திரிச்சு ட்ராஃபிக் விட 30 வினாடி ஆகும் (கேட்கறதுக்கு 15, கத்துக்கறதுக்கு 15). பிஎக்ஸ்இ (கார்டுலயே இருக்கற நெட்வொர்க் பூட்) டிஎச்சிபி கேட்டு 4, 8, 16, 32 வினாடின்னு காத்திருக்கும். சில கார்டு அவ்வளவு நேரம் கூட நிக்காது. 'ஐபி கிடைக்கல'ன்னு வரும், கேபிளை மாத்துவீங்க, கார்டை மாத்துவீங்க, ஒன்னும் சரியாகாது. மெஷின் போற போர்ட்ல எல்லாம் போர்ட்ஃபாஸ்ட், இல்ல எட்ஜ் போர்ட்னு இருக்கறதை ஆன் பண்ணுங்க. ரெண்டு ஸ்விட்சுக்கும் நடுவுல இருக்கற போர்ட்ல மட்டும் வேண்டாம்.

#4 கொழிஞ்சாம்பாறை_லேப்

தனி சப்நெட்டே போட்டுக்கறேனுங்க. கார்டு வாங்கியாச்சு. நெட் லைன் 40 எம்பிபிஎஸ்தான், 30 மெஷினுக்கும் டவுன்லோடு தாங்குமா?

#5 குமுளி_டெபியன்

நேரடியாக இறக்கினால் தாங்காது. 30 பெருக்கல் 2 ஜிபி, மொத்தம் 60 ஜிபி. 40 எம்பிபிஎஸ்ஸில் 3 மணி 20 நிமிடம், அதுவும் லைன் ஒரு நொடிகூட அசராமல் ஓடினால். ஆப்ட்-கேச்சர்-என்ஜியை (ஒருமுறை இறக்கிய பேக்கேஜைச் சேமித்து மற்ற மெஷினுக்கும் கொடுப்பது) முதல் சர்வரில் போடுங்கள், போர்ட் 3142. ப்ரீசீட்டில் மிரர் ப்ராக்ஸி வரியில் அந்த முகவரியைக் கொடுங்கள். முதலில் ஒரே ஒரு மெஷினை இன்ஸ்டால் செய்யுங்கள். அந்த 2 ஜிபி இறங்க 7 நிமிடம். கேச் நிறைந்த பிறகு மற்ற 29-ஐ விடுங்கள், வெளி லைன் அசையவே அசையாது.

இரண்டு எச்சரிக்கை. கேச்சர் எச்டிடிபி ரிப்பாசிட்டரியைத்தான் சேமிக்கும். எச்டிடிபிஎஸ் ஆக இருந்தால் கேச் ஆகாது. டெபியன் பேக்கேஜ்களை கையெழுத்து வைத்துத்தான் ஆப்ட் சரிபார்க்கிறது, எச்டிடிபியில் எடுப்பதால் அந்தச் சரிபார்ப்பு குறையாது. இரண்டாவது, இன்ஸ்டாலர் அந்த ப்ராக்ஸி வரியை மெஷினிலேயே ஆப்ட் கான்ஃபிகில் விட்டுவிட்டுப் போகும். ஒருநாள் சர்வர் படுத்தால் 30 மெஷினிலும் ஆப்ட் படுக்கும். ஆன்சிபிளில் அந்த வரியை எடுத்துவிட்டு, ஆட்டோ-ஆப்ட்-ப்ராக்ஸி என்ற பேக்கேஜைப் போடுங்கள். கேச் இருந்தால் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் நேரே போகும்.

இனி பூட். டிஎச்சிபி கோரிக்கையில் ஆப்ஷன் 93 என்று ஒன்று வரும், மெஷின் எந்த ஜாதி என்று சொல்லும். 0 வந்தால் பயாஸ், 7 அல்லது 9 வந்தால் 64 பிட் யூஇஎஃப்ஐ. டிஎன்எஸ்மாஸ்க்கில் அதை வைத்து டேக் போட்டு, பயாஸுக்கு அன்டிஐஒன்லி என்ற கோப்பு, யூஇஎஃப்ஐக்கு ஐபிஎக்ஸ்இயின் இஎஃப்ஐ கோப்பு. டிஎஃப்டிபியில் (பூட்டுக்குக் கோப்பு அனுப்பும் எளிய முறை) இந்தச் சின்னக் கோப்பு மட்டும் போகட்டும். கர்னலும் இனிட்ஆர்டியும் (பூட் ஆகும்போது ராமில் ஏறும் சிறு சிஸ்டம்) எச்டிடிபியில் போகட்டும். டிஎஃப்டிபி 512 பைட் துண்டு ஒன்றை அனுப்பி, பதில் வரும்வரை நின்று, அடுத்ததை அனுப்பும். துண்டு எண் 16 பிட் என்பதால் 65,535-ஐத் தாண்ட முடியாமல் 32 எம்பியில் மூச்சு முட்டும் பழைய க்ளையன்ட்கள் இன்னும் இருக்கின்றன.

#6 செங்கோட்டை_ரூட்

அண்ணாச்சி, ஒண்ணு விட்டுட்டீங்க. இதைச் சொல்லாம இந்த இழை போகக் கூடாது.

மெஷின்ல நெட்வொர்க் பூட்டை முதல்ல வச்சு, ஐபிஎக்ஸ்இ மெனுவுல டிஃபால்ட் 'இன்ஸ்டால்'னு வச்சா, கரண்ட் போய் வந்த அன்னைக்கு 30 மெஷினும் ஒண்ணா எந்திரிச்சு, தன்னைத் தானே அழிச்சுக்கிடும். யாரும் ஒரு கீயும் அமுக்க வேண்டாம். மழைக் காலத்துல நம்ம பக்கம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கரண்ட் போகும்னு எல்லாருக்கும் தெரியும்.

டிஃபால்ட் எப்பவும் லோக்கல் டிஸ்க். இன்ஸ்டால் ஆகணும்னு குறிப்பிட்ட மெஷினுக்கு மட்டும் அனுமதி. ஐபிஎக்ஸ்இ ஸ்க்ரிப்ட் வெப் சர்வர்ல மேக் அட்ரஸ் பேர்ல ஒரு கோப்பைக் கேக்கட்டும். உதாரணமா 52:54:00:12:34:56 மெஷினுக்கு 52-54-00-12-34-56. கோப்பு இருந்தா இன்ஸ்டால். 404 வந்தா பயாஸ் மெஷின்ல சான்பூட் கட்டளையில டிஸ்க், யூஇஎஃப்ஐ மெஷின்ல 'எக்ஸிட்' சொன்னா அடுத்த பூட் என்ட்ரிக்குப் போயிரும்.

இன்ஸ்டால் முடியும்போது ப்ரீசீட்டோட கடைசிக் கட்டளை சர்வர்ல ஒரு முகவரியைத் தட்டணும், சர்வர் அந்தக் கோப்பை அழிச்சிரணும். இல்லேன்னா இன்ஸ்டால் முடிஞ்சு ரீபூட் ஆகி மறுபடி இன்ஸ்டால்னு விடிய விடிய சுத்தும்.

#7 போடி_மெட்டு

மேக் அட்ரஸை மட்டும் நம்பாதீங்க. இடி இறங்குற பக்கம் நெட்வொர்க் கார்டுதான் முதல்ல போகும், கார்டு மாத்துனா மேக் மாறிரும், இன்வென்டரி குழம்பிரும். ஐபிஎக்ஸ்இல சீரியல் நம்பரையும் யூயூஐடியையும் எடுக்கலாம், அதை வச்சு அடையாளம் கட்டலாம். ஆனா முதல்ல சரிபாருங்க: மலிவு மதர்போர்டுல சீரியல் இடத்துல 'தயாரிப்பாளர் நிரப்பணும்'ங்கிற வாசகமே அப்படியே இருக்கும். யூயூஐடியும் 03000200-0400-0500-0006-000700080009-னு எல்லா போர்டுலயும் ஒண்ணா இருக்கும். அந்த நம்பரைப் பாத்தா மேக்குக்கே திரும்பிருங்க, கேபினட்ல ஸ்டிக்கர் ஒட்டி நோட்டுல எழுதிருங்க.

ரெண்டு கட்டிடத்துக்கு நடுவுல வெளியில ஓடுற ஈதர்நெட் கேபிள் இருந்தா அதை முதல்ல எடுத்துட்டு ஃபைபர் போடுங்க. ஏப்ரல் மே மாச இடி, ஐப்பசி இடி ரெண்டுக்கும் அதுதான் வாசல்.

#8 கொழிஞ்சாம்பாறை_லேப்

நிலவரம் சொல்றேனுங்க. பழசு 14-ம் ஐபிஎக்ஸ்இ ஏறுது, ஏறி முடிச்ச உடனே மறுபடி ஐபிஎக்ஸ்இ ஏறுது, சுத்திக்கிட்டே இருக்கு. புதுசு 16-ல 'செக்யூரிட்டி வயலேஷன்'னு வந்து நின்னுடுது.

#9 குமுளி_டெபியன்

முதல் கோளாறு: ஐபிஎக்ஸ்இ எழுந்ததும் தானும் ஒருமுறை டிஎச்சிபி கேட்கும். உங்கள் சர்வர் அதற்கும் அதே ஐபிஎக்ஸ்இ கோப்பையே கொடுக்கிறது. ஐபிஎக்ஸ்இ கேட்கும்போது ஆப்ஷன் 175 கூடவே வரும். டிஎன்எஸ்மாஸ்க்கில் 175 இருந்தால் ஒரு டேக். அந்த டேக் உள்ளவருக்கு ஸ்க்ரிப்டின் எச்டிடிபி முகவரி, இல்லாதவருக்கு மட்டும் ஐபிஎக்ஸ்இ கோப்பு. 'இல்லாதவர்' என்ற மறுப்பு டேகை எழுத மறந்தால் இரண்டு வரியும் பொருந்திவிடும், சுழற்சி நிற்காது.

இரண்டாவது செக்யூர் பூட். கையெழுத்து இல்லாத ஐபிஎக்ஸ்இயை ஃபர்ம்வேர் ஏற்றாது. 16 மெஷினில் செட்டப்புக்குள் போய் செக்யூர் பூட்டை அணைக்கலாம். அணைக்க விருப்பம் இல்லையென்றால் யூஇஎஃப்ஐக்கு ஐபிஎக்ஸ்இயை விட்டுவிட்டு, டெபியன் நெட்பூட் தொகுப்பிலேயே வரும் கையெழுத்திட்ட ஷிம், க்ரப் (பூட் லோடர்கள்) இரண்டையும் டிஎஃப்டிபியில் கொடுங்கள். க்ரப்பிலும் நெட்_டிஃபால்ட்_மேக் என்ற மாறி மேக் அட்ரஸைத் தரும், கோலன் குறியோடு. செங்கோட்டைக்காரர் சொன்ன அனுமதிக் கோப்பு முறை அதிலும் செய்யலாம். நான் அணைக்காமல் செய்வதையே விரும்புவேன். அரை நாள் கூடுதல் வேலை, ஆனால் ஒருமுறைதான்.

#10 வேலந்தாவளம்_நெட்

யூஇஎஃப்ஐ செட்டப்புக்குள்ள போறப்பவே இன்னொன்னும் பாத்துடுங்க. 'நெட்வொர்க் ஸ்டாக்'னு ஒரு ஆப்ஷன் தனியா இருக்கும், பல போர்டுல ஆஃப்லதான் வரும். அப்புறம் 'கரண்ட் வந்ததும் என்ன செய்யணும்'ங்கற செட்டிங். சர்வர் ரெண்டுலயும் தானா ஆன் ஆகற மாதிரி, லேப் மெஷின்ல ஆஃப்லயே இருக்கற மாதிரி. 30 மெஷின் ஒரே நேரத்துல எந்திரிச்சா யூபிஎஸ்ஸும் தாங்காது, லைனும் தாங்காது.

#11 கொழிஞ்சாம்பாறை_லேப்

ரெண்டும் சரியாயிடுச்சுங்க, 175 டேக்தான் காரணம். செக்யூர் பூட் அணைக்கல, ஷிம் வழியே போயிட்டேன்.

இப்ப இன்ஸ்டாலர் வருது, ஆனா 'கர்னல் மாட்யூல் எதுவும் கிடைக்கலை'ன்னு நடுவுல நிக்குது. நெட்பூட் தொகுப்பு நாலு மாசம் முன்னாடி இறக்கினது.

#12 குமுளி_டெபியன்

அந்த நாலு மாதம்தான் காரணம். நெட்பூட் கர்னல் தன் மாட்யூல்களை மிரரிலிருந்து இறக்கும். நடுவில் டெபியனின் பாயின்ட் ரிலீஸ் (திருத்தங்கள் சேர்ந்த இடைப் பதிப்பு) வந்து மிரரில் கர்னல் மாறியிருந்தால், உங்கள் பழைய கர்னலுக்குப் பொருத்தமான மாட்யூல் அங்கே இருக்காது. நெட்பூட் தொகுப்பைப் புதிதாக இறக்கி மாற்றுங்கள். ஒவ்வொரு பாயின்ட் ரிலீஸுக்கும் இதைச் செய்ய ஒரு டைமர் வையுங்கள், செக்சம் சரிபார்த்த பிறகே பழையதை மாற்றும்படி எழுதுங்கள்.

ஒரு மாடலில் மட்டும் நெட்வொர்க் கார்டு தெரியவில்லை என்றால் அது ஃபர்ம்வேர். டெபியன் 12 முதல் ஐஎஸ்ஓவில் ஃபர்ம்வேர் சேர்ந்தே வருகிறது, நெட்பூட் இனிட்ஆர்டியில் கிடையாது. டெபியன் தளத்தில் ஃபர்ம்வேர் சிபிஐஓ கோப்பு தனியாக இருக்கிறது. கேட் கட்டளையில் இனிட்ஆர்டிக்குப் பின்னால் அதை ஒட்டிவிட்டால் போதும்.

ப்ரீசீட்டில் மாட்டிக்கொள்ளும் இடங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டிஸ்க் பெயர். பழையதில் எஸ்டிஏ, புதியதில் என்விஎம்இ0என்1. இரண்டு ப்ரீசீட் எழுத வேண்டாம். பார்ட்மேனின் (இன்ஸ்டாலரில் டிஸ்க் பிரிக்கும் பகுதி) எர்லி கமாண்டில் 'லிஸ்ட்-டிவைசஸ் டிஸ்க்' ஓட்டி, முதல் வரியை எடுத்துப் பார்ட்மேனுக்குக் கொடுங்கள். அப்போது மெஷினில் பென் டிரைவ் செருகி இருக்கக் கூடாது, அதுவே முதல் டிஸ்காக வந்துவிடலாம்.

பழைய எல்விஎம் (டிஸ்க் இடத்தைத் தொகுத்துப் பிரிக்கும் முறை). முன்பு யாரோ எல்விஎம் போட்டிருந்தால் 'அழிக்கட்டுமா' என்று கேட்டு நிற்கும். எல்விஎம் நீக்கு, ரெய்டு நீக்கு, எழுத உறுதி, மேலெழுத உறுதி என்று நான்கு பதிலையும் முன்கூட்டியே 'ட்ரூ' வையுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்த மெஷின் திரையில் கேள்வியோடு காத்திருக்கும்.

மொழி, கீபோர்டு. ப்ரீசீட் கோப்பு நெட்வொர்க் எழுந்த பிறகுதான் வரும், இந்தக் கேள்விகள் அதற்கு முன்பே வரும். கர்னல் வரியில் 'ஆட்டோ=ட்ரூ', 'ப்ரயாரிட்டி=க்ரிட்டிகல்' இரண்டும் இருந்தால் கேள்வி பின்னால் தள்ளிப்போகும்.

பாஸ்வேர்டை ஹாஷாகவே வையுங்கள். ஹாஷில் டாலர் குறி வரும். ஷெல் ஸ்க்ரிப்ட் மூலம் ப்ரீசீட்டை உருவாக்கினால் ஷெல் அந்த டாலரை மாறி என்று எடுத்துக்கொண்டு பாதியை விழுங்கிவிடும். இன்ஸ்டால் நன்றாக முடியும், லாகின் மட்டும் ஆகாது. ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள்.

எழுதிய கோப்பை மெஷினுக்கு அனுப்பும் முன் 'டெப்கான்ஃப்-செட்-செலக்‌ஷன்ஸ்' கட்டளையின் சோதனை ஆப்ஷனில் ஓட்டிப் பாருங்கள், எழுத்துப் பிழை அங்கேயே தெரியும். இன்ஸ்டால் நின்றால் ஆல்ட்+எஃப்4 அழுத்தினால் லாக், ஆல்ட்+எஃப்2 அழுத்தினால் ஷெல்.

#13 களியக்காவிளை_கீ

கீபோர்டு நம்ம பாடு. எட்ஸி டிஃபால்ட்டில் உள்ள கீபோர்டு கோப்பை ஆன்சிபிள் டெம்ப்ளேட்டாக எழுதுங்கள். லேஅவுட் வரியில் மூன்று: யுஎஸ், இன், இன். வேரியன்ட் வரியில் முதல் இடம் காலி, அடுத்தது தமிழ்நெட்99-க்கான வேரியன்ட், அடுத்தது மலையாளத்துக்கான 'மால்'. முதல் இடம் காலியாக இருந்தாலும் கமா கண்டிப்பாக வேண்டும். கமா ஒன்று குறைந்தால் வேரியன்ட் ஒரு இடம் தள்ளி விழும், யுஎஸ் லேஅவுட்டில் தமிழைத் தேடி ஒன்றும் வேலை செய்யாது. எக்ஸ்கேபியில் (லினக்ஸின் கீபோர்டு அமைப்பு) ஒரே நேரத்தில் நான்கு லேஅவுட்தான், மூன்று வைத்தது போக ஒன்று மிச்சம்.

க்னோம் டெஸ்க்டாப் என்றால் யூசருக்கு முதல் லாகினில் டிகான்ஃபில் (க்னோம் செட்டிங் சேமிக்கும் இடம்) தனியாக எழுதிக்கொள்ளும். அதன் பிறகு கீபோர்டு கோப்பை மாற்றினாலும் அந்த யூசருக்கு மாறாது. டிகான்ஃப் சிஸ்டம் டேட்டாபேஸில் இன்புட் சோர்ஸை எழுதி, டிகான்ஃப் அப்டேட் ஓட்டுங்கள். ஹோம் என்எஃப்எஸ்ஸில் இருப்பதால் பழைய யூசரின் செட்டிங் ரீஇன்ஸ்டாலுக்குப் பிறகும் தொடர்ந்து வரும், அதையும் நினைவில் வையுங்கள்.

எழுத்துருவுக்கு நோட்டோ, லோகித் தமிழ், மலையாளத்துக்கு எஸ்எம்சி தொகுப்பு. லோகேல் மூன்றும் உருவாக்குங்கள்: ஆங்கிலம், தமிழ், மலையாளம், மூன்றும் யூடிஎஃப்-8. ஒலியடிப்படையில் தட்டச்சு செய்கிற பிள்ளைகளுக்கு ஐபஸ்-எம்17என் சேருங்கள், ஆனால் தமிழ்99 தான் முதலில் நிற்கட்டும். மீடியம் எதுவானாலும் தன் மொழியில் தட்டச்சு செய்ய முதல் நாளே வழி இருக்க வேண்டும்.

#14 செங்கோட்டை_ரூட்

ஆன்சிபிள் பக்கம் சொல்லுதேன்.

ஃபோர்க்ஸ் (ஒரே நேரத்துல எத்தனை மெஷின்) டிஃபால்ட் 5. 30 மெஷினுக்கு ஆறு சுற்று. 15 ஆக்குங்க, ரெண்டு சுற்றுல முடியும். பைப்லைனிங்கை ஆன் பண்ணுங்க, எஸ்எஸ்எச் போக்குவரத்து நல்லாவே குறையும்.

புதுசா எழுதுன ப்ளேபுக்கை (ஆன்சிபிளுக்கான வேலைப் பட்டியல்) 30-லயும் விடாதீங்க. 'லிமிட்' போட்டு ஒரு பழசு, ஒரு புதுசுன்னு ரெண்டு மெஷின்ல 'செக்', 'டிஃப்' ரெண்டும் சேத்து ஓட்டிப் பாருங்க. ஷெல் மாட்யூல் எழுதுன இடம் செக் முறையில ஓடாமத் தாண்டிரும், நிஜமா ஓட்டும்போது ஒவ்வொரு தடவையும் 'மாறியிருக்கு'ன்னு சொல்லும். 'க்ரியேட்ஸ்' கொடுத்து எந்தக் கோப்பு இருந்தா ஓட வேண்டாம்னு எழுதுங்க. ரெண்டாவது தடவை ஓட்டும்போது மாற்றம் பூஜ்யம்னு வரணும். வரலேன்னா ப்ளேபுக் இன்னும் முடியலேன்னு அர்த்தம்.

ஆப்ட் பூட்டு. மெஷின் எந்திரிச்ச கையோட தானியங்கி அப்டேட் டிபிகேஜியைப் பிடிச்சிட்டு இருக்கும். ஆப்ட் மாட்யூல் 60 வினாடி காத்திருந்துட்டு தோத்துரும். லாக் டைம்அவுட்டை 600 வையுங்க. பழைய ஹார்டுடிஸ்க் மெஷின்ல அவ்வளவு வேணும்.

ரீஇன்ஸ்டால் ஆன மெஷின்ல ஹோஸ்ட் கீ மாறும், ஆன்சிபிள் 'அடையாளம் மாறியிருக்கு'ன்னு நிக்கும். எல்லாரும் ஹோஸ்ட் கீ சோதனையையே அணைச்சிருதாங்க. செய்யாதீங்க. சொந்தமா ஒரு சிஏ கீ (மத்த கீக்கெல்லாம் சாட்சி சொல்லுத கீ) வச்சு ஒவ்வொரு ஹோஸ்ட் கீக்கும் கையெழுத்துப் போட்டா, நம்ம பக்கம் அந்த சிஏவை மட்டும் ஒரே வரியில நம்பினாப் போதும். எத்தனை தடவை அழிச்சுப் போட்டாலும் கேள்வி வராது. அவ்வளவு வேண்டாம்னா அந்த மெஷினோட பழைய கீயை மட்டும் நீக்குங்க.

கடைசியா, லேப் மெஷின் பாதி நேரம் ஆஃப்ல கிடக்கும். நம்ம பக்கத்துல இருந்து தள்ளுனா பாதி மெஷின் 'எட்டலை'ன்னு வரும். ஆன்சிபிள்-புல் வையுங்க. மெஷின் எந்திரிச்சு 5 நிமிஷம் கழிச்சு, 10 நிமிஷத்துக்குள்ள ஏதோ ஒரு நேரத்துல, லோக்கல் கிட்டில (ப்ளேபுக் வச்சிருக்கிற ரிப்போ) இருந்து எடுத்து தானே ஓட்டிக்கிடும். சிஸ்டம்டி டைமர்ல ரெண்டு வரி. 30-ம் ஒரே நொடியில கிட்டைத் தட்டாம இருக்கத்தான் அந்தப் பத்து நிமிஷம். ஆனா புல் எடுக்கிற ரிப்போவுல பாஸ்வேர்டு, வால்ட் (ஆன்சிபிளோட பூட்டுன ரகசியக் கோப்பு) எதுவும் வைக்கப்படாது. மாணவர் உக்கார்ற மெஷினுக்கு வர்ற எதையும் மாணவர் படிச்சிருவாங்கன்னு நினைச்சே எழுதுங்க.

#15 போடி_மெட்டு

கே3எஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை. ரெண்டு சர்வருக்கு வேண்டாம். ரெண்டுலயும் சேந்து ஓடணும்னா எட்சிடி (க்ளஸ்டரோட டேட்டாபேஸ்) வேணும், அது பெரும்பான்மை பாக்கும். மூணு இருந்தா ஒண்ணு போனாலும் ஓடும். ரெண்டு இருந்தா ரெண்டும் வேணும், ஒண்ணு போனா மொத்தமும் நிக்கும். அதாவது ஒத்தை சர்வரை விட மோசம். அதோட எட்சிடி ஒவ்வொரு எழுத்தையும் டிஸ்குல உறுதி பண்ணிட்டுத்தான் நகரும், ஹார்டுடிஸ்குல தள்ளாடும்.

சர்வீஸை கன்டெய்னர்ல வைக்கணும்னா பாட்மேனும் (கன்டெய்னர் ஓட்டுற டூல்) அதோட குவாட்லெட்டும் போதும். சிஸ்டம்டி யூனிட் மாதிரி ஒரு சின்னக் கோப்பு, அதை ஆன்சிபிள் கொண்டு போய் வச்சிரும். குவாட்லெட் பாட்மேன் 4.4-ல வந்தது. டெபியன் 12-ல இருந்தது 4.3, அதனால கிடைக்கலை. டெபியன் 13-ல 5.4 இருக்கு.

கத்துக்கிறதுக்காக கே3எஸ் வேணும்னா ஒரே சர்வர்ல போடுங்க, தனியா இருந்தா எஸ்க்யூலைட்லயே ஓடும். பாட் நெட்வொர்க் 10.42.0.0/16, சர்வீஸ் 10.43.0.0/16. ஓனர் ரூட்டர் பக்கம் அந்த ரேஞ்ச் இருக்கான்னு முன்னாடியே பாத்துக்கங்க.

#16 கொழிஞ்சாம்பாறை_லேப்

கே3எஸ் விட்டாச்சுங்க. 27 மெஷின் முடிஞ்சுது, தமிழ், மலையாளம் ரெண்டும் அடிக்குது. பழசுல மூணு மட்டும் நிக்குது. இன்ஸ்டாலர் 'ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடி ஆகலை'ன்னு சொல்லுது. மத்த பதினொன்னுக்கும் அதே ப்ரீசீட்தான்.

#17 வேலந்தாவளம்_நெட்

கடிகாரம். அந்த மூணுலயும் சிமாஸ் பேட்டரி (மதர்போர்டு கடிகாரத்தோட பேட்டரி) செத்திருக்கும், மெஷின் பல வருஷம் பின்னாடி இருக்கும். ரிலீஸ் கோப்புல போட்டிருக்கற தேதி அதுக்கு எதிர்காலம். சிஆர்2032 பேட்டரி, மல்டிமீட்டர்ல 3 வோல்ட்டுக்குப் பக்கத்துல காட்டணும். மூணையும் மாத்திட்டு, பயாஸ்ல தேதியும் பூட் ஆர்டரும் திரும்ப வையுங்க, பேட்டரி போனப்ப ரெண்டும் போயிருக்கும். பழசு 14-லயும் ஒரே சமயத்துல மாத்திடறது நல்லது, ஒரே வயசு பேட்டரி.

முதல் சர்வர்ல க்ரோனி போட்டு லேபுக்கு நேரம் கொடுங்க. ப்ரீசீட்ல என்டிபி சர்வர் வரில 192.168.10.2. மெஷின்லயும் க்ரோனி வெச்சு மேக்ஸ்டெப் 1 3-ன்னு எழுதினா, எந்திரிச்ச உடனே முதல் மூணு அப்டேட்ல 1 வினாடிக்கு மேல எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் ஒரே தாவலா சரி பண்ணிக்கும்.

#18 குமுளி_டெபியன்

4 ஜிபி மெஷின்களுக்கு இன்னும் ஒன்று. டெபியன் 13-ல் டெம்ப் டைரக்டரி ராமில்தான் இருக்கிறது, பாதி ராம் வரை எடுத்துக்கொள்ளும். பிள்ளைகள் பெரிய கோப்பை அங்கே விரித்தால் மெஷின் திணறும். அந்த 14-லும் ஆன்சிபிளில் டெம்ப் மவுன்ட் யூனிட்டை மாஸ்க் செய்துவிடுங்கள், பழையபடி டிஸ்குக்குப் போய்விடும்.

#19 கொழிஞ்சாம்பாறை_லேப்

மூணும் பேட்டரிதாங்க. ரெண்டு 2.1 வோல்ட், ஒன்னு 1.7. பதினாலுக்கும் வாங்கிட்டு வந்து மாத்தியாச்சு, மூணும் இன்ஸ்டால் ஆயிடுச்சு. டெம்ப் மாஸ்க் ரிப்போல சேத்தாச்சு. ரெண்டாவது தடவை ஓட்டறப்ப 30-லயும் மாற்றம் பூஜ்யம். நாளைக்கு காலைல ஒரு பழசையும் ஒரு புதுசையும் வேணும்னே அழிச்சு, அனுமதிக் கோப்பு வெச்சு, எத்தனை நிமிஷத்துல திரும்ப வருதுன்னு பாத்து இங்கயே போடறேன்.